குதிரையும் முட்கம்பியும்: குறைந்த செலவில் ஆக்கப்படும் வெஸ்டேர்ன் குறும்படம் பற்றிய ஒரு நோக்கு

கலை வகைகள் தாமாகத் தோன்றித் தாமாக மறைவனவல்ல. குறிப்பிட்ட சமூக உறவுகளின் தேவையையொட்டி அவை எழுகின்றன. அவ்வுறவுகள் மாறிய பின்னரும் சில வகைகள் வழக்கத்தின் வலிமையினால் நெடுங்காலம் நிலைபெறுகின்றன. எழுத்திலக்கியத்தைப் பொறுத்தவரை இவ்வுண்மை நம்மிடையே ஓரளவு ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது. திரைப்படத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் நடிகர், நெறியாளர் என்னும் தனிமனிதர்களிடமே இன்னும் விளக்கம் தேடுகின்றோம். அமெரிக்காவின் வெஸ்டேர்ன் படவகை இவ்வகையில் நல்லதொரு சோதனைப் பொருளாகும். அதிலும், பெருமூலதனத்தில் உருவான புகழ்பெற்ற படங்களைக் காட்டிலும், கையிற் காசில்லாத சிலர் ஒரு போட்டிக்கென இரண்டு நாட்களில் எடுத்து முடிக்கும் வெஸ்டேர்ன் குறும்படமே அவ்வகையின் எலும்புக்கூட்டைத் துலக்கமாகக் காட்டுகின்றது என்பது இக்கட்டுரையாசிரியரின் கருத்து.

2001ஆம் ஆண்டில் வாஷிங்டன் நகரில் தொடங்கி, பின்னர் உலகின் பல நகரங்களுக்கும் பரவிய 'நாற்பத்தெட்டு மணித்தியாலத் திரைப்படத் திட்டம்' என்னும் போட்டியை எடுத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை மாலை குழுக்கள் கூடுகின்றன. ஒவ்வொரு குழுவும் சீட்டிழுத்துத் தனக்குரிய படவகையைப் பெறுகின்றது. அதனோடு, அந்நகரின் எல்லாக் குழுக்களுக்கும் பொதுவாக ஒரு பாத்திரம், ஒரு பொருள், ஒரு வசனம் ஆகியனவும் விதிக்கப்படுகின்றன. எழுதி, நடித்து, படம்பிடித்து, தொகுத்து, நான்கு முதல் ஏழு நிமிடம் வரையான படமொன்றை ஞாயிறு மாலைக்குள் ஒப்படைத்தல் வேண்டும். சீட்டுகளுள் ஒன்று வெஸ்டேர்ன். வேறு போட்டிகள் சில, பழிவாங்கல், மன்னிப்பு, கடன் என்றவாறு ஒரு சொல்லைத் தொனிப்பொருளாகத் தருவதுமுண்டு. பேய்க்கதைச் சீட்டைப் பெற்ற குழுவுக்கு ஓர் இருட்டறை போதும். துப்பறியும் கதைக்கு ஒரு மேசையும் விளக்கும் போதும். வெஸ்டேர்ன் சீட்டைப் பெற்றவர்களோ குதிரைக்கு எங்கே போவது என்று அன்றிரவே தம்முட் கேட்கத் தொடங்கிவிடுவர். கேள்வி நகைப்புக்கிடமானதாகத் தோன்றலாம். ஆயினும் ஒரு கலைவகையின் பொருளடிப்படை பற்றிய முதற் கேள்வி அதுவேயாகும்.

வெஸ்டேர்ன் எதைப் பற்றியது? துப்பாக்கியைப் பற்றியது என்பது மேலோட்டமான விடை. அது நிலத்தைப் பற்றியது. நிலம் எவருக்கு உரியது, எவ்வாறு உரியதாயிற்று என்பதைப் பற்றியது. 1862ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு 160 ஏக்கர் என்று பங்கிட்ட நிலம், பூர்வீகக் குடிகளிடமிருந்து பறிக்கப்பட்ட நிலம். 1874இல் ஜோசப் கிளிடன் முட்கம்பிக்குக் காப்புரிமை பெற்றார். எல்லையற்றதாகக் கருதப்பட்ட மேய்ச்சல் வெளி சில ஆண்டுகளுள் வேலிகளால் துண்டாடப்பட்டது. 1883இல் டெக்சசின் வடபகுதியில் மாடு மேய்க்கும் கூலியாட்கள் மாதச் சம்பளம் 50 டொலர் கேட்டு வேலைநிறுத்தம் செய்து தோற்றனர். 1892இல் வயோமிங்கின் ஜோன்சன் பகுதியில் பெரும் பண்ணைச் சொந்தக்காரர் கூலிப்படை திரட்டிச் சிறு குடியானவர்மீது ஏவினர். இவை யாவும் வெஸ்டேர்னின் பின்புலத்திலுள்ள வரலாறு. இவ்வரலாற்றில் 'கௌபாய்' என்பவன் கூலியுழைப்பாளி. திரையில் அவன் எவ்வாறு தோன்றுகின்றான் என்பதை றொபேட் வோர்ஷோ 1954இல் எழுதிய கட்டுரையொன்றில் கூர்மையாகச் சுட்டியுள்ளார்: வெஸ்டேர்ன் நாயகன் ஓய்வுடையவன், பண்ணை வைத்திருந்தாலும் காவலதிகாரியாக இருந்தாலும் வேலையற்றவனாகவே நமக்குத் தென்படுகின்றான். வோர்ஷோ இதை ஒரு பாத்திரத்தின் மாண்பாகக் கண்டார். உழைப்பாளியை ஓய்வுடையவனாக மாற்றிக் காட்டுதல் கருத்துநிலையின் வேலை என்பதை நாம் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இவ்வகை குறும்படமாகவே பிறந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. எட்வின் போர்ட்டர் நெறிப்படுத்தி 1903ஆம் ஆண்டின் இறுதியில் எடிசன் கொம்பனி வெளியிட்ட 'மாபெரும் புகையிரதக் கொள்ளை' ஏறத்தாழ 740 அடி நீளம், பன்னிரண்டு நிமிடத்துக்கு உட்பட்டது. அக்காலத்தில் படம் துணிபோல் அடிக்கணக்கில் விற்கப்பட்டது. அதன் வெளிப்புறக் காட்சிகள் நியூ ஜேர்ஸியிற் பிடிக்கப்பட்டன. நியூயோர்க்கிலிருந்து ஹட்சன் ஆற்றைக் கடந்த அளவே அந்த முதல் 'மேற்குப் பயணம்'. அதிற் பல சிறு வேடங்களில் நடித்த கில்பேட் அண்டர்சன், குதிரையேறத் தெரியும் என்று சொல்லிச் சேர்ந்து முதல் நாளே குதிரையிலிருந்து விழுந்தவர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. பின்னர் அவரே 'புறொங்கோ பில்லி' என்னும் பெயரில் முதலாவது வெஸ்டேர்ன் நட்சத்திரமானார். 1912 முதல் 1916 வரை கலிபோர்னியாவின் நைல்ஸ் என்ற சிற்றூரில் எஸனே கொம்பனிக்காக ஒரு சுருள் படங்களை அடுக்கடுக்காக ஆக்கித் தள்ளினார். அதே மலை, அதே தெரு, அதே நடிகர். இன்றைய போட்டிக் குழு தன் வறுமையைப் புதிதென்று எண்ணுமாயின் அது வரலாற்றறியாமை. மலிவு இவ்வகையின் பிறவிக் குணம்.

ஆயினும் நைல்ஸில் ஒரு பொருள் இலவசமாகக் கிடைத்தது: நிலம். இவ்விடத்தில் நமது மரபிலுள்ள ஒரு பாகுபாட்டைப் பயன்படுத்துதல் தெளிவுக்கு உதவும். தொல்காப்பியர் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என மூன்றாக வகுத்தார். நிலமும் பொழுதும் முதல். விலங்கு, தொழில், உணவு முதலியன கரு. மாந்தர் ஒழுக்கம் உரி. வெஸ்டேர்னுக்கு இப்பாகுபாடு வியக்கத்தக்க வகையிற் பொருந்துகின்றது. வறண்ட பெருவெளி முதல்; குதிரையும் மாடும் துப்பாக்கியும் கரு; பகை, பழி, துரத்தல் உரி. போட்டியின் பணி யாது? உரிப்பொருளைச் சீட்டாகவோ சொல்லாகவோ மேலிருந்து வழங்கிவிடுகின்றது. கருப்பொருளை, அதாவது தொப்பி, குதிமுள், விளையாட்டுத் துப்பாக்கி ஆகியவற்றை, குழு வாடகைக்கு எடுக்கின்றது. முதற்பொருள் எவரிடமும் இல்லை. இம்மூன்றனுள் உரியே தலையாயது என்பது மரபின் துணிபு. இந்தப் படவகையைப் பொறுத்தவரை அத்துணிபை ஏற்பதற்கில்லை. நிலம் போனபின் எஞ்சும் பழிவாங்கல் எந்நாட்டுக்கும் எக்காலத்துக்கும் பொருந்தும் பொதுப் பழிவாங்கலாகிவிடுகின்றது. அதற்குத் தொப்பி ஓர் அலங்காரம் மாத்திரமே. (கர்ணன் நெறிப்படுத்த ஜெய்சங்கர் நடித்த 'கங்கா' 1972இல் வெளிவந்ததை நினைவிற் கொண்டோர், வேடம் தன் நிலத்தை விட்டுத் தனியே பயணம் செய்யவல்லது என்பதை அறிவர்.)

செலவுச் சுருக்கம் படத்தின் உருவத்தில் எவ்வாறு செயற்படுகின்றது என்பதைச் சற்று விரிவாக நோக்குவோம். குழு நகருக்கு வெளியே ஒரு கைவிடப்பட்ட கற்குழியையோ வறண்ட ஆற்றுப்படுகையையோ கண்டுபிடிக்கின்றது. கமெராவை நேராக வைத்தால் மின்கம்பம் தெரிகின்றது; இடப்புறம் திருப்பினால் நெடுஞ்சாலை. எனவே கமெரா கீழிறங்கி மேல்நோக்குகின்றது. மனிதன் வானத்தின் முன் தனித்து நிற்கின்றான். அல்லது கமெரா நெருங்குகின்றது. கண், விரல், உறையிலுள்ள துப்பாக்கி. குதிரை இல்லையாதலால் குளம்பொலியை ஒலிப்பதிவிற் சேர்த்துவிட்டு, நாயகன் நடந்து வருவதாகக் காட்டுகின்றனர். பகலில் இடத்தை மறைக்க முடியாதபோது கதை இரவுக்கு நகர்கின்றது. ஒரு தீ, இரண்டு மனிதர், ஒரு கடந்தகாலக் குற்றம். மலிவு வெஸ்டேர்ன் குறும்படங்களில் தீயைச் சுற்றிய இந்த உரையாடல் திரும்பத் திரும்ப வருவது கற்பனை வறட்சியால் மட்டுமன்று. இருட்டுக்கு வாடகை இல்லை.

இவை யாவும் நியாயமான உத்திகள், குறைகூற வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வோர் உத்தியும் தன்னுடன் ஒரு கருத்தையும் கொண்டுவருகின்றது. மின்கம்பத்தை மறைக்க எடுத்த அண்மைக் காட்சி சமூகத்தையும் சேர்த்து மறைத்துவிடுகின்றது. வானத்தின் முன் தனித்து நிற்பவனுக்கு முதலாளி இல்லை, அயலான் இல்லை, கடன் இல்லை. ஊரைக் கட்டப் பணமில்லாததால் ஊர் இல்லை. ஊர் இல்லாததால் மோதல் இரு தனிமனிதருக்கிடையிலான மோதலாகின்றது. படமெடுத்தோர் தனிமனிதவாதிகளாக இருக்கவேண்டுமென்பதில்லை. அவர்கள் மின்கம்பத்திலிருந்து தப்பினார்கள். தனிமனிதவாதம் அவ்வழியாக உள்ளே நுழைந்தது. கருத்துநிலை எப்போதும் கருத்தின் வடிவில் வருவதில்லை என்பதற்கு இதனினும் எளிய எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை.

இங்கே எழக்கூடிய மறுப்பு ஒன்றுண்டு. பெருஞ்செலவுப் படங்களிலும் தனிமனித நாயகன்தானே உள்ளான் என்று கேட்கலாம். உண்மை, அவ்வாறாயின் வறுமையைக் குறைசொல்வானேன்? வில் றைற் 1975இல் வெளியிட்ட 'சிக்ஸ்கன்ஸ் அன்ட் சொசைட்டி' என்னும் நூல் வெஸ்டேர்ன் கதையமைப்பின் மாற்றங்களை அமெரிக்கப் பொருளாதார அமைப்பின் மாற்றங்களோடு பொருத்திக் காட்டியது: சந்தைப் பொருளாதாரத்துக்கு ஊரைக் காக்கும் தனிநாயகன், பெருநிறுவனங்கள் திட்டமிட்டு நடத்தும் பொருளாதாரத்துக்குக் கூலிக்கு அமர்ந்த தொழில்வல்லுநர் குழு. நம் போன்றோர்க்கு உவப்பான முயற்சி. ஆயின் அவர் தெரிவு செய்தவை, விநியோக வருவாய் நாற்பது இலட்சம் டொலருக்குக் குறையாத படங்கள் மாத்திரமே. மக்கள் எதை ஏற்றனர் என்பதற்குக் காசுப்பெட்டியைச் சாட்சியாகக் கொண்டால் அத்தெரிவு சரி. ஆனால் ஒரு வகை தன்னைத் தானே கேள்விக்குட்படுத்தும் இடங்கள் காசுப்பெட்டிக்கு வெளியே இருக்கக்கூடும். சமூகவியல் நோக்கில் எழுதப்பட்ட ஒரு நூலே மூலதனத்தின் வடிகட்டியால் தன் சான்றுகளைத் தெரிந்துகொண்டமை வருந்தத்தக்கது.

அவ்வாறு வெளியே நின்ற படங்களுள் தலையாயவை மொன்ரி ஹெல்மன் 1965இல் யூட்டா மாநிலத்துப் பாலைநிலத்தில் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்த 'தி ஷூட்டிங்', 'றைட் இன் த வேர்ள்விண்ட்' என்னும் இரண்டுமாகும். மலிவுப் படங்களுக்குப் பேர்போன றோஜர் கோர்மன் பின்னின்று பணமிட்டார். ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 75,000 டொலர், மூன்று வாரம். இடமும் ஒன்று, குழுவிற் பெரும்பாலோரும் அவர்களே. இவை குறும்படங்களல்ல, போட்டிக்கு எடுக்கப்பட்டவையுமல்ல. எனினும் நமது வெள்ளிக்கிழமைக் குழு கற்றுக்கொள்ளத்தக்கது இவற்றிலேயே உள்ளது. அமெரிக்கத் திரையரங்குகளில் முறையாக வெளியிடப்படாமலே தொலைக்காட்சிக்கு விற்கப்பட்ட இவற்றைப் பிரான்சிலுள்ள சுவைஞர்களே முதலில் மதித்தனர்.

'தி ஷூட்டிங்' படத்தில் பெயரில்லாத ஒரு பெண் சுரங்கக்காரர் இருவரிடம் வந்து, தன்னை ஓரிடத்துக்கு அழைத்துச் செல்லப் பணம் தருவதாகக் கூறுகின்றாள். வருமுன் தன் குதிரையைச் சுட்டுவிடுகின்றாள். கால் முறிந்தது என்கின்றாள். பார்த்தால் குதிரைக்கு ஒரு குறையுமில்லை. கூலி பேசப்படுகின்றது, வேலை இன்னதென்று சொல்லப்படவில்லை. பயணம் நீளநீள அவர்கள் எவனையோ துரத்துகின்றனர் என்பது புலனாகின்றது. கறுப்புக் கையுறை அணிந்த கொலைகாரன் ஒருவனும் வந்து சேர்கின்றான். குதிரைகள் களைத்து ஒழிகின்றன, தண்ணீர் தீர்கின்றது, கடைசியில் மனிதர் பாறைமேற் கால்நடையாக ஏறுகின்றனர். அங்கே துரத்தப்பட்டவன் கூலிக்கு வந்தவனின் உடன்பிறந்தவனே என்று தெரியவருகின்றது. இதை இருத்தலியப் புதிர் என்று பாராட்டியோர் பலர். எனக்கு அது புதிராகத் தோன்றவில்லை. தன் உழைப்பு எதற்குப் பயன்படுகின்றதென்று அறியாமல் விற்றவன், இறுதியில் அது தன் இரத்தத்துக்கு எதிராகவே பயன்பட்டதைக் காண்கின்றான். அந்நியமாதல் என்று நாம் ஏடுகளில் எழுதுவதன் கதையுருவம் இது. குதிரை குறைந்துகொண்டே போதல் வசதியின்மையை மறைக்கும் உத்தியாக இல்லாமற் கதையின் பொருளாகவே ஆகிவிடுகின்றது என்பதைக் குழுக்கள் கவனித்தல் நன்று.

ஜாக் நிக்கல்சன் எழுதி நடித்த மற்றப் படம் இதனினும் எளியது. என் மதிப்பில் உயர்ந்ததும் அதுவே. மாடு மேய்க்கும் கூலியாட்கள் மூவர் தற்செயலாகக் கொள்ளையரின் குடிலில் இரவு தங்குகின்றனர். காலையில் வந்து சூழும் கும்பல் அவர்களையும் கொள்ளையராகவே கொள்கின்றது. தப்பிய இருவர் ஒரு குடியானவனின் வீட்டில் ஒளிந்துகொள்கின்றனர். பிறகு? பெரும்பகுதி நேரம் காத்திருத்தல்தான். வீட்டுக்கு வெளியே அக்குடியானவன் ஓர் அடிமரத்தைக் கோடரியால் வெட்டிக்கொண்டேயிருக்கின்றான். அந்த ஓசை உள்ளேயும் கேட்கின்றது. நிலத்தைப் பண்படுத்த அந்த அடிமரத்தை அகற்றியாக வேண்டும். விருந்தாளிகள் கொள்ளையரா அல்லரா என்பது அடிமரத்துக்குத் தெரியாது. துப்பாக்கிச் சண்டையைவிட இக்காட்சிக்குச் செலவு குறைவு: ஒரு முதிய நடிகர், ஒரு கோடரி, ஒரு மரத்துண்டு. வோர்ஷோவின் ஓய்வுடைய நாயகன் உள்ளே பதுங்கியிருக்க, வெளியே உழைப்பு நடந்துகொண்டிருக்கின்றது. 160 ஏக்கர் என்று சட்டம் எழுதியதன் பொருளை அந்தக் கோடரியொலியே உணர்த்துகின்றது. வறுமையின் காரணமாகவா ஹெல்மன் இங்கே வந்து சேர்ந்தார், அல்லது வேண்டுமென்றா என்பதை என்னால் உறுதியாகப் பிரிக்க முடியவில்லை, பிரிக்க வேண்டியதுமில்லை. நெருக்கடி ஒன்றுதான், அதற்கு வானத்தைக் காட்டியும் விடை சொல்லலாம், அடிமரத்தைக் காட்டியும் சொல்லலாம்.

இதனால் வறுமையே ஓர் அழகியற் சிறப்பு என்று கூறிவிட்டதாகக் கொள்ளலாகாது. அவ்வாறு கூறுவோர் உளர். கிளோபர் றோஷா 1965இல் முன்வைத்த 'பசியின் அழகியல்' என்ற அறிக்கையும், கியூபாவின் ஹூலியோ கார்சியா எஸ்பினோசா 1969இல் எழுதிய 'குறையுடைய சினிமாவுக்காக' என்ற கட்டுரையும் அடிக்கடி இதற்குத் துணையாக இழுக்கப்படுகின்றன. இருவரும் பேசியது ஒரு சமூகத்தின் பசியை. ஒரு குழுவின் பணமுடையை அன்று. பிரேசிலின் வறண்ட வடகிழக்கில் எடுத்த தம் படங்களில் றோஷா கொள்ளையரையும் கூலிக்கொலைஞனையும் வெஸ்டேர்ன் சாயலிற் காட்டியபோது, அங்கே முதற்பொருளும் கருப்பொருளும் உரிப்பொருளும் ஒருங்கே நின்றன. நிலமற்ற மக்கள் சட்டகத்துக்குள் இருந்தனர். மறுபுறம், 2023இல் பெட்றோ அல்மொடோவார் ஆக்கிய முப்பத்தொரு நிமிட வெஸ்டேர்ன் குறும்படத்துக்கு ஓர் உயர்தர ஆடை நிறுவனமே தயாரிப்பாளர். ஸ்பெயினில் சேர்ஜியோ லியோனேயின் படங்கள் எடுக்கப்பட்ட அல்மேரியாவிலேயே அதுவும் எடுக்கப்பட்டது. சட்டைகள் அழகானவை. பணம் நிலத்தைத் திரும்பக் கொணர்ந்துவிடும் என்பதற்கில்லை; அது முன்னைய படமொன்றின் நிலத்தைக் கொணர்ந்தது.

எனவே, குதிரைக்கு எங்கே போவது என்ற கேள்விக்கு விடை சொல்லத் துணிகின்றேன். திறனாய்வாளன் செய்முறை கூறுதல் மரபன்று எனினும் குற்றமில்லை. குதிரைக்குப் போகவேண்டாம். ஒரு சுருள் முட்கம்பி குதிரையின் ஒருநாள் வாடகையிலும் மலிவானது. குழி தோண்டிக் கம்பம் நாட்டிக் கம்பியை இழுத்துக் கட்டும் இருவரை ஏழு நிமிடம் காட்டலாம். வேலி எவனுடையது, கூலி எவ்வளவு, அப்பால் நின்று பார்ப்பவள் எவள் என்று மூன்று வினாக்கள் தாமாகவே எழும். மின்கம்பம் தெரிந்தாற்கூடக் குற்றமில்லை. அதுவும் அந்நிலத்தின் வரலாற்றில் ஒரு கட்டந்தானே. விதிக்கப்பட்ட சொல் 'பழிவாங்கல்' ஆயின் கம்பியை அறுப்பதே பழி. 'கடன்' ஆயின் சொல்லவே வேண்டாம். தொனிப்பொருள் மேலிருந்து விதிக்கப்படுவதால் ஆக்கம் கெடும் என்ற வாதத்தை நான் ஏற்பதில்லை. ஈற்றடி கொடுத்துப் பாடச்சொன்ன காலத்திலும் நல்ல பாட்டும் கெட்ட பாட்டும் பிறந்தன. பொதுச் சொல்லைப் பொதுவாகவே விட்டுவிடுதல்தான் கேடு.

போட்டியின் உழைப்புமுறை பற்றி ஒன்று கூறவேண்டியுள்ளது. இதில் என் மனம் இருபாற்பட்டது. இப்போட்டியின் விதிப்படி நடிகரும் தொழிலாளரும் ஊதியமின்றியே உழைத்தல் வேண்டும். பங்குபற்றக் குழு கட்டணமும் செலுத்துகின்றது. நைல்ஸில் புறொங்கோ பில்லியின் நடிகருக்குச் சம்பளமாவது இருந்தது. இரண்டு இரவு உறங்காமல் உழைத்து, உழைப்பதற்குப் பணமும் கட்டும் இம்முறையை மூலதனம் தன் கனவிலும் இதற்குமுன் கண்டிருக்குமா என்று கேட்கத் தோன்றுகின்றது. ஆயின் அந்த இரண்டு நாட்களில் நடப்பது கூட்டுழைப்பு என்பதையும் மறுப்பதற்கில்லை. ஒலிவாங்கியைப் பிடித்தவர் அடுத்த காட்சியில் ஊர்த்தலைவராகின்றார். எழுதியவர் சோறு ஆக்குகின்றார். திரைத் தொழிற்சாலையின் கடும் வேலைப்பிரிவினை வார இறுதி ஒன்றுக்குத் தளர்ந்துவிடுகின்றது. அந்த மகிழ்ச்சி போலியன்று. விந்தை என்னவெனில், இவ்வாறு கூடி உழைத்தோர் திரையிற் காட்டுவது பெரும்பாலும் எவரோடும் கூடாத ஒரு தனியனை. படம் எடுக்கப்பட்ட முறைக்கும் படம் சொல்லும் கதைக்கும் இடையிலுள்ள இம்முரண்பாட்டை, நான் அறிந்தவரை, போட்டி நடுவர்கள் கேள்வியாக எழுப்புவதில்லை. படம் முடிந்ததும் ஓடும் பெயர்ப்பட்டியலில் மட்டும் அக்கூட்டம் முழுவதும் தென்படுகின்றது. குதிரை வந்திருந்தால் அதன் சொந்தக்காரர் பெயரும் அதில் இருக்கும். அவர் ஒருவரே காசு பெற்றவராக இருத்தலும் கூடும்.